கட்டைவாலின் பத்து சென்டிமீட்டர்

என் வீட்டுக்காரருக்கு ஸ்டூல் மேல் ஏறினாலே கால் உதறும். இந்த வீட்டில் பல்பு மாற்றுவது என் வேலை. ஆனால் வாயைத் திறந்தால் போர் விமானம்தான். எது எவ்வளவு உயரத்தில் எப்படித் திரும்பும் என்று தரையில் நின்றபடி நாள் முழுக்கச் சொல்லுவார். அதனால் அந்தப் பழைய விமானத்தை அளக்கப் போனபோதும் ஏணியில் நான் ஏறினேன், அவர் கீழே நின்றார். யார் மேலே, யார் கீழே என்பதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே என்ன நடந்தது, கீழே என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் மாற்றிச் சொல்லிவிட்டார்.

நாங்கள் இருவரும் விமான மாடல் செய்கிறவர்கள். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நிஜ விமானத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, எல்லாவற்றையும் நாற்பத்தெட்டால் வகுத்து, அந்த அளவுக்குப் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ரிவெட் ரிவெட்டாகக் குத்திச் செய்வது பொம்மை இல்லை. எனக்குப் பிழைப்பு பல் லேபில். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செட்டும் கேப்பும் செய்து கொடுக்கிறேன். ஒரு கேப் கால் மில்லிமீட்டர் உயரமாக இருந்தால் போதும், மாட்டிக்கொண்டவர் மறுநாளே தாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அதனால் அளவு விஷயத்தில் என்னிடம் யாரும் விளையாட முடியாது. அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். கோடு போட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அதில் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ஊர் விமான அருங்காட்சியகத்தின் முற்றத்தில் ஒரு பழைய போர் விமானம் நிற்கிறது. செங்குத்தான வால் குட்டையாக இருப்பதால் அதை ஓட்டியவர்களே கட்டைவால் என்றுதான் கூப்பிட்டார்களாம். அதற்குச் சரியான வரைபடம் எங்கேயும் கிடையாது. நாமே அளந்து புத்தகமாகப் போடலாம் என்று இவர் கிளம்பினார். ஆறு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். எங்கள் டேப்பின் நுனிக் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது, அதை நம்ப முடியாது. அதனால் அளவெடுக்கிறவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். நுனியை விட்டுவிட்டு, பத்து சென்டிமீட்டர் கோட்டை விளிம்பில் வைத்துப் பிடித்து, கீழே வரும் எண்ணிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்வது.

நான் ஏணி உச்சியில் நின்று ஒவ்வொரு தடவையும் கத்துவேன்.

"பத்துல வச்சிருக்கேன்!"

"சரி, சரி, காது கேக்குது!" என்று கீழேயிருந்து பதில் வரும். படிப்பதும் நோட்டில் எழுதுவதும் அவர்.

புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர் கொட்டை எழுத்தில். முன்னுரையில் பதிப்பாளருக்கு நன்றி, அருங்காட்சியகக் காப்பாளருக்கு நன்றி, ஏணி கொடுத்த வாட்ச்மேனுக்குக்கூட நன்றி. ஏணியில் ஏறினவளைக் காணோம்.

"என்னங்க, நான் எங்க?" என்று கேட்டேன்.

"நீ வீட்டு ஆளு. வீட்டு ஆளுக்கு யாராச்சும் நன்றி சொல்வாங்களா? அது மரியாதையா இருக்காது."

அப்போது அது எனக்கு இனிப்பாகக்கூட இருந்தது. அவ்வளவு அசடாக இருந்திருக்கிறேன்.

அதன்பிறகுதான் அருங்காட்சியகம் போட்டி அறிவித்தது. கட்டைவாலை நாற்பத்தெட்டில் ஒரு பங்காக யார் மிகச் சரியாகச் செய்கிறார்களோ, அவர்கள் மாடலை நிஜ விமானத்தின் இறக்கைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். செய்தவர் பெயரும் பித்தளைத் தகட்டில் பொறிக்கப்பட்டு நிரந்தரமாக இருக்கும். எனக்கு அந்தத் தகடு வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாக நான் செய்த பற்கள் எத்தனையோ வாய்க்குள் இருக்கின்றன, ஒன்றிலாவது என் பெயர் உண்டா? இதிலாவது இருக்கட்டுமே என்று நினைத்தேன். இவரும், "நீ போடு, நான் போட்டியில நிக்கல" என்றார். அவரைத்தான் ஆலோசகராகப் போட்டிருந்தார்கள்.

இரண்டு வருஷம் ஆனது. சக்கரக் கால்களைப் பல் செட்டுக்கு வார்க்கும் உலோகத்திலேயே வார்த்தேன். விமானி உட்காரும் இடத்தில் பதினேழு மானிகள், ஒவ்வொன்றுக்கும் முள் உண்டு. லேபில் கூட வேலை செய்யும் பெண்கள், "அக்கா, பெட்ரோல் ஊத்தினா பறந்துடும் போலிருக்கே" என்று கிண்டலடிப்பார்கள். வாலையும் செய்து, ரிவெட் குத்தி முடித்து, ஒட்டுவதற்கு முன்னால் பழைய போட்டோ ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கேயோ இடித்தது. போட்டோவில் வால் குட்டையாக, மிடுக்காக நிற்கிறது. என்னுடையது ஒட்டகச்சிவிங்கியின் கழுத்துக்கு உறவு மாதிரி இருக்கிறது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். புது டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். வாட்ச்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் நூற்றுத் தொண்ணூற்று நாலு சென்டிமீட்டர் வந்தது. புத்தகத்தில் இருநூற்று நாலு.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்துப் பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவர் கையெழுத்தில், 'எல்லாவற்றிலும் பத்து கழிக்க' என்று இருந்தது. கடைசிப் பக்கம் நிறைந்துபோனதால் வால் அளவை மட்டும் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தின் தலையில் ஒன்றும் இல்லை. 'வால் 204' என்று மட்டும் இருந்தது. அதை அப்படியே தூக்கி வரைபடத்தில் வைத்துவிட்டார்.

அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் காட்டினேன். தாளை முன்னும் பின்னும் நாலு தடவை திருப்பினார்.

"அட! கழிக்க விட்டுட்டேனே," என்றார். அவர் வாயாலேயே சொன்னார். முகம் வெளுத்துவிட்டது, பாவமாகவும் இருந்தது.

"பரவால்லைங்க, காப்பாளர்கிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

"இப்போ வேணாம். ஒரு கம்பெனி என் வரைபடத்தை வச்சு மாடல் கிட் போடறதா எழுதியிருக்காங்க. ரெண்டாம் பதிப்புல சரி பண்ணிட்டு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிக்கலாம்."

"அப்போ என் மாடல்? போட்டி விதியில உங்க புத்தகந்தான் ஆதாரம்னு போட்டிருக்கு."

"நீ நிஜ அளவுலயே பண்ணு. கேள்வின்னு வந்தா என்னைத்தானே கூப்பிடுவாங்க? நான் இருக்கேன்ல!"

நான் இருக்கேன்ல. பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்த வார்த்தையை நம்பித்தான் எத்தனையோ செய்திருக்கிறேன். முடித்து வைத்திருந்த வாலைக் குப்பையில் போட்டேன். இரண்டு மில்லிமீட்டர் குறைத்து, ரிவெட் வரிசை எல்லாவற்றையும் முதலிலிருந்து குத்தினேன். பதினோரு நாள் ஆனது. கழுத்து பிடித்துக்கொண்டது. ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, கட்டைவால் என்று கூப்பிடத் தோன்றியது. அவ்வளவு சரியாக இருந்தது.

போட்டி அன்று அருங்காட்சியகக் கூடத்தில் இருபத்திரண்டு மாடல்கள் வைத்திருந்தார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். என்னுடையது பதினாலு. நடுவர்களுக்கு யார் எந்த எண் என்று தெரியாது. செய்தவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். தீர்ப்பு முடிவதற்குள் யாராவது வாயைத் திறந்தால் அவர்கள் மாடல் போட்டியை விட்டு வெளியே போகும். முன்வரிசையில் ஆலோசகர் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு இவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே, வாங்கி ஒட்டிச் சேர்க்கும் கிட் போடும் கம்பெனிக்காரர், வழவழவென்று ஒரு அட்டைப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். அதன் மேல் கட்டைவால் படம். நீள வாலோடு.

தலைமை நடுவரை எல்லாரும் டார்ச் என்பார்கள். இறக்கைக்கு அடியில் டார்ச் அடித்து, பல் டாக்டர் மாதிரி சின்னக் கண்ணாடியை நீட்டிப் பார்ப்பார். மேலே அலங்கரித்துவிட்டு அடியில் ஏமாற்றுகிறவர்களுக்கு அவர் எமன். பதினாலின் அடியில் ரொம்ப நேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கடைசியில் இரண்டு எண்கள்தான் மிஞ்சின. பதினாலும் ஒன்பதும். ஒன்பது, பசையும் பெயின்டும் விற்கும் கடைக்காரருடையது. நல்ல மனிதர், சுத்தமான வேலை. புத்தகத்தை அப்படியே பார்த்துச் செய்திருந்தார்.

டார்ச் வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு வாலையும் அளந்தார்.

"பதினாலு, நாப்பது புள்ளி நாலு மில்லிமீட்டர். ஒம்பது, நாப்பத்திரண்டரை. ஒரே விமானத்துக்கு ரெண்டு வாலு இருக்க முடியாதே?" என்று சத்தமாகக் கேட்டார். கூடத்தில் சிரிப்பு. "புத்தகப்படி ஒம்பதுதான் சரி. ஆனா பதினாலு பண்ணவர் வேற எதுலயும் ஒரு நூல்கூட தப்பல, வால்ல மட்டும் ஏன் தப்பணும்? சார், எழுதினவரே இருக்கீங்க. நீங்களே சொல்லிடுங்க."

இவர் எழுந்து போனார். இரண்டையும் குனிந்து பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, இருபது அடி தள்ளி, நிஜ விமானமே வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். சொல்லப்போகிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சம் கூச்சப்படுவார், தலையைச் சொறிவார், அப்புறம் சொல்லிவிடுவார்.

அவர் தலையைச் சொறிந்தார்.

"புத்தகத்துல என்ன இருக்கோ அதுதாங்க சரி" என்றார்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட என்றாவது ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. நிறுத்தவில்லை. கம்பெனிக்காரர் பக்கம் திரும்பி, லேசாகச் சிரித்துக்கொண்டே, "பதினாலு பண்ணவர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாரு போல" என்றார்.

பதினாலு யார் என்று அந்தக் கூடத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்போதே நான் கத்தியிருக்கலாம். கத்தினால் என் மாடல் வெளியே போகும், இவர் மானமும் போகும். என் மாடலுக்குத்தான் இனி ஒன்றும் இல்லையே, ஆனாலும் கத்தவில்லை. இவர் மானத்தைக் காப்பாற்றினேன். அவர் என்னுடையதை விற்றுக்கொண்டிருந்த அதே நிமிஷத்தில்.

பரிசு ஒன்பதுக்குப் போனது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க மாடல் பெட்டி என் மடியில் இருந்தது. அவர் வண்டி ஓட்டிக்கொண்டு, போக்குவரத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே வந்தார். வாசல் கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"நான் இருக்கேன்லன்னு சொன்னீங்களே?"

"என்னை என்னம்மா பண்ணச் சொல்ற? அந்த ஆளு பக்கத்துலயே உக்காந்திருக்காரு. கிட்டுக்கு அச்சு வெட்டி முடிச்சாச்சாம். அத்தனை பேர் நடுவுல என் புத்தகம் தப்புன்னு நானே எப்படிச் சொல்றது?"

"சரி. அவசரப்பட்டுட்டாருன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன அவசியம்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னது" என்றார்.

நான் அழுதேன். எனக்கு அழுவது பிடிக்காது, மூக்கு சிவந்து இரண்டு நாளைக்கு அப்படியே இருக்கும். என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கையைப் பிடித்தார்.

"ரெண்டாம் பதிப்புல எல்லாத்தையும் எழுதிடறேன். அளவெடுத்தது நீ, தப்பைக் கண்டுபிடிச்சது நீ, பதினாலுதான் சரின்னு. அதைப் பார்த்துட்டு அவங்களே பெட்டியில மாத்தி வைப்பாங்க, பாரேன்."

நம்பினேன். ஆமாம், மறுபடியும். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எட்டு மாதம் கழித்து இரண்டாம் பதிப்பு வந்தது. புத்தகக் கட்டை அவிழ்த்து, பக்கத்தை மடித்து வைத்து, குழந்தை மதிப்பெண் அட்டையைக் காட்டுகிற முகத்தோடு என்னிடம் நீட்டினார். "படி, உன்னைப் பத்திப் போட்டிருக்கேன்!" சமையலறையில் கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு படித்தேன்.

'முதல் பதிப்பில் செங்குத்து வாலின் உயரம் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக இடம்பெற்றுவிட்டது. அளவெடுக்கையில் மேலே நின்று நாடாவைப் பிடித்திருந்த என் மனைவி அதைத் தவறான இடத்தில் பிடித்ததே இதற்குக் காரணம். பிழையைப் பெரிய மனத்துடன் ஒப்புக்கொண்ட அவருக்கு என் நன்றி.'

இரண்டு தடவை படித்தேன். பிறகு புத்தகம் முழுக்கத் தேடினேன். வேறு எங்கேயும் நான் இல்லை.

"நன்றின்னு போட்டிருக்கேன், பாத்தியா?" என்றார்.

"கழிக்க மறந்தது நீங்க."

"தெரியும்மா. கொஞ்சம் யோசிச்சுப் பாரு. நான் மறந்துட்டேன்னு எழுதினா, மத்த இருநூறு அளவும் சரிதானான்னு ஒவ்வொருத்தனா கிளம்புவான். கிட்டை வாங்கினவன்லாம் என் சட்டையைப் பிடிப்பான். நீன்னா ஒண்ணும் ஆகப்போறதில்ல. உனக்குத்தான் இதுல கெட்டுப்போறதுக்குப் பேர்னு ஒண்ணும் இல்லையே?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சொல்லிக்கொடுக்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னார். அந்தப் பெயருக்காகத்தான் இரண்டு வருஷம் கழுத்து ஒடிய உட்கார்ந்தேன் என்பது இவருக்குத் தெரியும்.

"நோட்டு எங்க?" என்று கேட்டேன்.

"எந்த நோட்டு?"

"எந்த நோட்டுன்னு உங்களுக்குத் தெரியும்."

"அதான் புதுப் பதிப்பு வந்துடுச்சே! பழைய பேப்பரோட போட்டுட்டேன்" என்றார். என்னைப் பார்க்காமல் டம்ளரைக் கழுவ ஆரம்பித்தார். அவராக டம்ளர் கழுவி நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து அவரோடு பேசுகிறேன், பேசாமல் இல்லை. காஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் பில் வந்திருக்கிறது, இப்படி. மாடலை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போய் லேபில் என் மேஜை மேல், டாக்டர்கள் அனுப்பிய தாடை அச்சுகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன்.

மாடல் செய்கிறவர்கள் கொஞ்சம் குறும்புக்காரர்கள். இரண்டே மாதத்தில் அந்த நீள வாலுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். கம்பெனியின் கிட்டை வாங்குகிறவர்கள், "வாலை வெட்டிட்டியா, இல்ல பொண்டாட்டி வாலோடயே விட்டுட்டியா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். பெயின்ட் வாங்கப் போன என் காதுபடவே ஒருத்தர் கடையில் கேட்டார். ஒன்பதாம் எண் செய்த அந்தக் கடைக்காரர், பாவம், தலையைக் குனிந்துகொண்டு என் பெயின்டை இரண்டு பொட்டலமாகச் சுற்றினார்.

போன வாரம் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, போக வேண்டும் போலிருந்தது. குட்டை வாலோடு நிஜ விமானம் நிற்கிறது. அதன் இறக்கைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில், நீள வாலோடு ஒன்பது நிற்கிறது. மாற்றி வைக்கவில்லை. பித்தளைத் தகட்டில் கடைக்காரர் பெயர். அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன அட்டை. புத்தகத்தில் இருந்ததைத்தான் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள். 'குறிப்பு: இந்த மாடலின் வால் நிஜத்தைவிடச் சற்று உயரமானது. மூல வரைபடத்துக்கு அளவெடுத்தபோது ஆசிரியரின் மனைவி நாடாவைத் தவறாகப் பிடித்ததால் நேர்ந்த பிழை.'

இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வர வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன். வந்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் நின்று அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கணவன் வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா, எல்லார் வீட்லயும் இதே கதைதான்!" என்று மனைவியின் தோளில் தட்டினார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு வாய் திறந்தது.

"அந்தப் பொண்டாட்டி நான்தாங்க" என்றேன்.

கணவனின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த அம்மாள் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேல நின்னு பிடிச்சது நான். பத்துல வச்சிருக்கேன்னு ஒவ்வொரு தடவையும் கத்தினதும் நான். கீழ நின்னு கழிக்க மறந்தது அவர். தப்பைக் கண்டுபிடிச்சுச் சரியா ஒண்ணு பண்ணதும் நான்தான், அது இப்போ என் மேஜை மேல இருக்கு."

அந்த அம்மாள் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து, அட்டையை இன்னொரு தடவை, எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"அது ஒண்ணும் இதுல இல்லையேம்மா" என்றாள்.

"இல்லைங்க," என்றேன். "சின்ன அட்டை. இடம் இருந்திருக்காது."